பாப்பாத்தி அம்மாள் கோவில்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய சிறிய கோவில் இருக்கிறது. ஊர் ஜனங்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்பார்கள். சின்ன வயசில் எங்க அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

அதைக் கட்டியவர் குளோரிந்தா. மராட்டிய பிராமண குலத்தில் பிறந்த விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவருக்கு ஆதரவு தந்து, வேதமும் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் ஆகாமல் அவரோடு வாழ்ந்ததால் சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விலகிப் போயிருப்பாங்க. குளோரிந்தா விடவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல் அதே ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா! முன்நின்று அவர் கட்டிய கோவிலை 1785-ல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சபை வளர்ந்தது இந்த விதையிலிருந்துதான்.

ஆனால் அந்தக் காலத்தில் பெண்ணுக்குக் குருப்பட்டம் ஏது? தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயராகப் புஷ்ப லலிதா அம்மையார் வந்தது 2013-ல். அந்தப் பதிவேட்டுக்கு 233 வருஷம் கழித்து!

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். அம்மா பீடி சுற்றித்தான் ஃபீஸ் கட்டுகிறாள். பொம்பளப் பிள்ளைக்கு லேத் எதுக்கு என்று கேட்டவர்கள் உண்டு. அப்போதெல்லாம் அந்தப் பதிவேட்டின் முதல் பெயரை நினைச்சுக்குவேன். பட்டம் பிறகு வரட்டும், தோழிகளே. வேலையை இன்றே தொடங்குவோம்!