எலன் பர்டி பீல்

எலன் பர்டி பீல் (1893 – 1976) ஓர் அமெரிக்கத் தாவரத் தீநுண்மவியலாளர். பயிர்களைத் தாக்கும் தீநுண்மங்களை (வைரசுகளை) பிறபொருளெதிரிகளைக் கொண்டு கண்டறியும் முறைக்கு அடித்தளம் இட்ட முன்னோடிகளுள் முதன்மையானவர்.

வாழ்க்கை

இவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்சு நகரில் 1924 இல் தொடங்கப்பட்ட பாய்சு தாம்சன் தாவர ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். இவர் தொகுத்த தாவரத் தீநுண்ம ஆய்வுகளின் நூற்பட்டியல் இவர் மறைந்த 1976 ஆம் ஆண்டிலேயே வெளியானது.

ஆய்வு

1920களில் தீநுண்மம் எத்தகைய பொருள் என்பது அறியப்படவில்லை. ஒளி நுண்ணோக்கியில் அது தென்படவில்லை. இலையில் தோன்றும் தேமல், சுருக்கம் முதலிய அறிகுறிகளைக் கொண்டே நோய்கள் பிரித்தறியப்பட்டன. ஆனால் ஒரே தீநுண்மம் வெவ்வேறு பயிர்களில் வெவ்வேறு அறிகுறிகளைத் தோற்றுவிக்கும்; வெவ்வேறு தீநுண்மங்கள் ஒத்த அறிகுறிகளையும் தோற்றுவிக்கும். எனவே அறிகுறிகளை மட்டும் நம்ப இயலவில்லை.

பீல், தேமல் நோயுற்ற புகையிலையின் சாற்றை முயல்களுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அம்முயல்களின் குருதித் தெளிநீரை நோயுற்ற சாற்றுடன் கலந்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. நலமான புகையிலையின் புரதங்களும் முயலில் பிறபொருளெதிரிகளை உருவாக்கும். அவற்றை நீக்கிய பின்னரும் தெளிநீர் நோயுற்ற சாற்றுடன் வினைபுரிந்தது. இம்முடிவுகள் 1928, 1929 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. அதே தீநுண்மம் தாக்கிய வேறு இனச் செடிகளின் சாற்றிலும் வீழ்படிவு தோன்றுவதை 1931 இல் காட்டினார். வினைபுரியும் பொருள் செடிக்கு உரியதன்று, தீநுண்மத்துக்கே உரியது என்பதற்கு இது வலுவான சான்றாகும். வெண்டல் சிட்டான்லி இத்தீநுண்மத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தது இதன் பின்னர், 1935 இல் ஆகும்.

தாக்கம்

1970களில் எலைசா எனப்படும் நொதிவழிச் சோதனை தாவரத் தீநுண்மங்களுக்கும் பயன்படுத்தப்பட்டது. இதில் வீழ்படிவுக்கு மாறாக, பிறபொருளெதிரியுடன் இணைந்த நொதி உண்டாக்கும் நிறம் தீநுண்மத்தைக் காட்டுகிறது. இதனால் மிகக் குறைந்த அளவு தீநுண்மத்தையும், ஒரே நேரத்தில் பல செடிகளையும் சோதிக்க முடிந்தது.

தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் பெரிதும் அழித்தது. தாக்கப்பட்ட வாழையைக் குணப்படுத்த மருந்து இல்லை. நோய் வெளிப்படாத கன்றுகளின் வழியாகவும் அது பரவும். ஆகவே நடுவதற்கு முன்பே தாய்ச்செடிகளைச் சோதித்தல் இன்றியமையாதது. திருச்சிராப்பள்ளியில் 1993 இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்தகைய சோதனைகளில் ஈடுபட்டுள்ளது. இன்று மரபணுச் சோதனைகளும் வழக்கில் உள்ளன. எனினும் பீல் காட்டிய பிறபொருளெதிரி வழி கைவிடப்படவில்லை.