செவி வைத்தியர் ஜோசப் டாயின்பி

குழந்தை பிறந்ததும் அதன் வலக்காதில் பாங்கு சொல்லுகிறோம். திருமறையிலும் பெரும்பாலான இடங்களில் பார்வைக்கு முன்பாகக் கேள்விப் புலனே கூறப்பட்டிருக்கிறது. அத்தகைய அருட்கொடையாகிய செவிக்காகத் தம் ஆயுளையே செலவிட்ட ஓர் ஆங்கில வைத்தியரின் வரலாற்றை இங்கு எழுதுகிறோம்.

ஜோசப் டாயின்பி 1815-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி இங்கிலாந்தில் ஹெக்கிங்டன் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். லண்டனில் வைத்தியம் கற்று, 1842-ல் தமது 26-வது வயதிலேயே ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சரித்திராசிரியர் ஆர்னால்ட் டாயின்பி இவருடைய பேரரே.

காதில் விழுந்த பொருளை எடுக்கும் முறைகளைக் குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்கள். ஆயினும் செவி ஏன் மந்தமாகிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. போலி வைத்தியர்களுக்கு அது நல்ல வியாபாரமாகவும் இருந்தது. டாயின்பியோ இறந்தோரின் செவிகளை அறுத்துப் பார்த்தார். ஒன்றிரண்டல்ல, ஏறக்குறைய 2,000 செவிகள்! உட்செவியை ஒட்டியுள்ள அங்கவடி எலும்பு அசையாமல் இறுகிப் போவதும் செவிட்டுக்கு ஒரு காரணமென்று இதனால் தெளிவாயிற்று. தொண்டையையும் காதையும் இணைக்கும் குழல் எப்போதும் திறந்திருப்பதில்லை, விழுங்கும்போதே திறக்கிறது என்பதையும் அவர் விளக்கினார். சாங்கியில் ஏறித் திருச்சியில் இறங்கும் நேரத்தில் காது அடைத்தால் எச்சில் விழுங்குகிறோமே, அதன் ரகசியம் இதுதான்.

லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியின் முதல் செவி வைத்தியர் அவரே. 1860-ல் செவி நோய்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். ஏழை நோயாளிகளுக்கு உதவ நிதியும் திரட்டினார்.

காதிரைச்சலால் தூக்கமின்றித் தவிப்போருக்கு மருந்து காண வேண்டுமென்பது அவரது பெருங்கவலை. 1866 ஜூலை 7-ந் தேதி தம் அறையில் தனியாக இருந்து, குளோரோபாரம் ஆவியைத் தாமே முகர்ந்து சோதித்தார். அப்படியே உயிர் பிரிந்தது. சோதனைக் குறிப்புகள் பக்கத்தில் கிடந்தன. வயது 50.

பிறர் துன்பம் நீங்கத் தம்மையே சோதனைக்குள்ளாக்கிய அந்த நெஞ்சை நாம் மதிக்கிறோம். ஆனால் உயிர் நமக்கு அமானிதம். பக்கத்தில் ஒரு துணை இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும். இன்னும் பலர் பயன் பெற்றிருப்பார்கள்.

நம் சிராங்கூன் ரோட்டுக் கடைகளிலோ, கல்லாவில் அமர்ந்தபடி சாவியாலும் பேனா மூடியாலும் காதைக் குடைகிறோம். காது வலித்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறோம். வாடிக்கையாளர் சொல்வது கேட்காவிட்டாலும், வெட்கப்பட்டுக் கேட்டதுபோல் தலையசைக்கிறோம். இவற்றை விட்டுத் தக்க வைத்தியரிடம் காட்டுவோமாக. கேள்விச் செல்வத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் இறுதிவரை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.