கதைக்குள் அழைத்துச் சென்ற கலைஞர்

கதை கேட்பதில் விருப்பம் இல்லாத குழந்தை உலகில் இல்லை. பாட்டி கூறும் கதையைக் கேட்கும் குழந்தை, கேட்பதோடு அமைவதில்லை. கதையில் வரும் அரசிளங்குமரனாகத் தன்னையே எண்ணிக்கொள்கிறது. அரக்கன் தோன்றினால் நடுங்குகிறது. அவன் வீழ்ந்தால் தானே வென்றதாகக் களிக்கிறது. இம்மனநிலையை நன்குணர்ந்து, மக்கள் தாமே கதைக்குள் புகுந்து உலவுமாறு செய்தவர் அமெரிக்க நாட்டுக் கலைஞராகிய வால்ட் டிஸ்னி ஆவார்.

இளமை

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் சிக்காகோ நகரில் பிறந்தார். தந்தையார் எலியாஸ் டிஸ்னி, அன்னையார் புளோரா. அவருக்கு நான்கு வயது நிரம்பியபின், குடும்பம் மிசௌரி மாநிலத்திலுள்ள மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடியேறியது. அங்கே பண்ணை விலங்குகளைக் கண்டு கண்டு அவற்றைப் படமாக வரைவதில் சிறுவர் ஈடுபட்டார். ஆயினும், வேளாண்மையில் நட்டம் நேர்ந்தமையால் 1911-இல் குடும்பம் கான்சாஸ் நகரை அடைந்தது. தந்தையார் செய்தித்தாள் வழங்கும் தொழிலை மேற்கொண்டார். வால்ட்டும் அவருடைய தமையனார் ராயும் வைகறைக்கு முன்னரே எழுந்து, பனி கொட்டும் தெருக்களில் வீடுதோறும் தாள்களை இட்டு வருவர். பின்னர்ப் பள்ளியில் அமர்ந்தால் உறக்கம் கண்களை மூடும். இவ்வாறு ஆறு ஆண்டுகள் கழிந்தன.

வீழ்ச்சியும் எழுச்சியும்

இளைஞராகிய வால்ட், கான்சாஸ் நகரில் சித்திரப் படங்கள் எடுக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1923-இல் அது கடனில் மூழ்கி மூடப்பட்டது. அவர் உள்ளம் தளர்ந்தாரல்லர். ஹாலிவுட்டிற்குச் சென்று, தமையனாருடன் கூடிப் புதிய நிலையம் ஒன்றை நிறுவினார். கலை தம்பியின் பொறுப்பு. கணக்கு தமையனின் பொறுப்பு. அங்கு அவர் படைத்த முயல் உருவம் பெரும்புகழ் பெற்றது. ஆனால், அதன் உரிமை படத்தை வெளியிட்டோரிடம் இருந்தமையால், 1928-இல் அதனை இழந்தார். அவ்விழப்பின் பயனாகத் தோன்றியதே மிக்கி மௌஸ் என்னும் எலி உருவம். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ என்னும் பேசும் சித்திரப் படம் அவர் பெயரை எங்கும் பரப்பியது.

1937-இல் ‘ஸ்நோ ஒயிட்’ என்னும் முழுநீளச் சித்திரப் படத்தை அவர் வெளியிட்டார். வரைந்த உருவங்களை ஒரு மணி நேரத்திற்கும் மேலாக எவர் பொறுமையுடன் பார்ப்பர் என்று பலர் எள்ளி நகையாடினர். படம் வெளிவந்ததும் நகைத்தவர் வாயடைத்தனர். எனினும், வெற்றி பெற்ற மனிதரிடமும் குறை உண்டு. 1941-இல் அவர்தம் ஓவியர்கள் ஊதியமும் உரிமையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் அதனைப் பரிவோடு நோக்கவில்லை; அக்கசப்பு நெடுநாள் நீங்காதிருந்தது.

பூங்காவின் தோற்றம்

வால்ட்டிற்குப் புதல்வியர் இருவர். ஓய்வு நாள்களில் அவர்களை இராட்டினத்தில் ஏற்றிவிட்டுத் தாம் மட்டும் பலகையில் அமர்ந்து காத்திருப்பார். பிள்ளைகள் ஆடப் பெற்றோர் வாளா இருப்பதா? இருசாராரும் ஒருங்கே மகிழும் இடம் ஒன்று வேண்டாவா? இவ்வெண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பொருள் கொடுப்பார் அரியராயினர். நிலையத்தின் பணத்தை இதில் இடத் தமையனார் ராயும் முதலில் தயங்கினார். வால்ட் தம் ஆயுட்காப்பின்மீது கடன் வாங்கினார்; தமக்கிருந்த ஓய்வில்லத்தையும் விற்றார். 1953-இல் ஹெர்ப் ரைமன் என்னும் ஓவியரை அழைத்து, தாம் அருகிருந்து விளக்கியவாறே, இரண்டே நாளில் பூங்கா முழுவதையும் ஒரு படமாக வரைவித்தார். மனம் மாறிய தமையனார் அப்படத்துடன் நியூயார்க்கிற்குச் சென்றார். தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று பொருளுதவ இசைந்தது. கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில், 160 ஏக்கர் பரப்புள்ள கிச்சிலித் தோட்டங்கள், ஓராண்டிற்குள், ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் டாலர் செலவில், டிஸ்னிலேண்ட் ஆயின.

1955-ஆம் ஆண்டு சூலை 17-ஆம் நாள் பூங்கா திறக்கப்பெற்றது. அன்று வெயில் கொளுத்தியது. போலிச் சீட்டுகளுடன் பலர் நுழைந்தனர். புதிதாக இட்ட தார் இளகியது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டிருந்தன. செய்தித்தாள்கள் பழித்தன. வால்ட் சினந்து பயனில்லை என்று உணர்ந்து, குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். இரண்டு திங்களுக்குள் வந்தோர் தொகை 10 இலட்சத்தை எட்டியது.

இருட்கூடப் பயணம்

அப்பூங்காவின் புதுமைகளுள் தலைசிறந்தவை இருண்ட கூடங்களினுள் அமைந்த கதைப் பயணங்கள் ஆகும். தண்டவாளத்தில் செல்லும் சிறு வண்டி இருளிற் புகும். புறஊதாக் கதிர் பட்டு ஒளிரும் வண்ணங்களால் தீட்டிய காட்சிகள் திருப்பந்தோறும் தோன்றி மறையும். பீட்டர் பேன் கதையிலோ, மேலே தொங்கும் தண்டிலிருந்து இயங்கும் கப்பல், இலண்டன் நகரின்மேல் பறப்பது போலச் செல்லும்.

இவற்றுள் ஒரு நுட்பம் இருந்தது. ஸ்நோ ஒயிட்டின் கூடத்தில் சூனியக்காரி தோன்றினாள், குள்ளர்கள் தோன்றினர், ஆனால், கதைத் தலைவி மட்டும் தோன்றவில்லை. ஏன்? வண்டியில் அமர்ந்திருப்பவரே கதைத் தலைவி. எல்லாம் அவர் கண்வழியே நிகழ்கின்றன. இக்கருத்து வந்தோர் பலர்க்கு விளங்கவில்லை. தலைவி எங்கே என்று அவர்கள் வினவினர். 1983-இல் அக்கூடத்தைப் புதுப்பித்தபோது தலைவியின் உருவத்தையும் சேர்த்தனர்.

அப்பூங்காவில் 1957 முதல் துப்பாக்கியால் இலக்கை எய்யும் கூடமும் ஒன்று இருந்தது. சிறு ஈயக் குண்டுகள் பட்டு இலக்குகளின் வண்ணம் உதிர்ந்தமையால், அவற்றிற்கு ஓயாது வண்ணம் பூச வேண்டியிருந்தது. 1985-இல் ஈயக் குண்டின் இடத்தை ஒளிக்கதிர் பெற்றது. எய்வோர் நின்ற இடத்தில் நிற்பர், கதை இல்லை. இருட்கூடத்தில் கதை உண்டு. அமர்ந்தோர்க்குச் செயல் இல்லை. இவ்விரண்டும் ஒன்றுசேரும் நாள் பின்னர் வந்தது.

மறைவும் தொடர்ச்சியும்

1966-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் நுரையீரற் புற்றுநோயால் வால்ட் டிஸ்னி மறைந்தார். நெடுநாள் கைவிடாத புகைப்பழக்கம் அவருக்குப் பகையாயிற்று. அவர் தம் வாழ்நாளில் மேற்பார்த்து வந்த கடற்கொள்ளைக்காரர் பயணம், அவர் மறைந்த மூன்று திங்களில் திறக்கப்பெற்றது. அவர் அதனைக் காணவில்லை. ஓய்வு பெற எண்ணியிருந்த ராய், அவ்வெண்ணத்தை ஒதுக்கிவைத்து, தம்பி கண்ட கனவாகிய புளோரிடாப் பூங்காவை 1971-இல் முடித்துத் திறந்தார். அவ்வாண்டிறுதியில் தாமும் மறைந்தார். உடன்பிறப்பின் பெருமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அப்புளோரிடாப் பூங்காவில் 1998-இல் புதுவகை இருட்கூடம் ஒன்று திறக்கப்பெற்றது. வண்டிக்கு இருவர், ஒவ்வொருவர்க்கும் ஓர் ஒளித்துப்பாக்கி. கைப்பிடியைத் திருப்பினால் வண்டி சுழலும். கதையின் வீரன் பஸ் லைட்இயர். அவன் பகைவன் விண்வெளிக் கொடியோனாகிய ஸர்க். பயணிகள் அவ்வீரனின் படைஞராக இருபுறமும் உள்ள இலக்குகளை எய்வர். ஒளி இலக்கில் பட்டதும், அதனை உணரும் கருவி செய்தி அனுப்ப, பெற்ற புள்ளிகள் எதிரே எண்ணாகத் தோன்றும். தந்தையும் மகளும் ஒரே வண்டியில் அமர்ந்து போட்டியிட்டு எய்வர். மகள் வெல்வதும் உண்டு. 2005-இல் இத்தகைய கூடம் அனஹைம் பூங்காவிலும் அமைந்தது. தலைவி எங்கே என்று முன்னர் வினவியவர் போல், வீரன் எங்கே என்று இங்கு எவரும் வினவார். துப்பாக்கி தம் கையில் இருக்கக் கண்டவர், போர் தம்முடையதே என்று உணர்வர்.

மாணவர்களே! பலகையில் தனித்து அமர்ந்திருந்த ஒரு தந்தையின் ஏக்கம், பல கோடிக் குடும்பங்கள் ஒருங்கே அமர்ந்து மகிழும் இடமாக வளர்ந்தது. தாம் கொண்ட கருத்தை ஒரு காலத்தார் உணராது போயினும், அது நல்ல கருத்தாயின் பின்வருவோர் கையில் மலரும். ஆதலின், உடனே பயன் காணாமை பற்றி நன்முயற்சியைக் கைவிடலாகாது என்பதே வால்ட் டிஸ்னியின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.