சீனி வருத்தக்காரருக்குப் படிப்பித்த டொக்டர்

என்னுடைய இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. சின்னவிரலும் அதற்கு அடுத்ததும். வன்னியில் இப்படி ஒரு காலைப் பார்ப்பவர்கள் ஷெல் பட்டதென்றே நினைப்பார்கள். பஸ்ஸில் எழும்பி இடமும் தருவார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. உண்மை அதுவல்ல. 2016ஆம் ஆண்டு திருவிழாவுக்கு வாங்கிய புதுச் செருப்பு கடித்த புண் அது. கடித்தது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் காலில் உணர்வு எப்போதோ செத்துவிட்டிருந்தது. மணம் வந்த பிறகுதான் மனைவி கண்டுபிடித்தாள்.

எனக்குச் சீனி வருத்தம் என்று சொன்னது 2002இல். அதிலிருந்து 14 வருடங்கள், இடம்பெயர்ந்த காலம் தவிர, மாதா மாதம் கிளினிக்குப் போயிருக்கிறேன். விடியப்புறம் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, துண்டு எடுத்து, வாங்கில் இருந்து, இரத்தம் கொடுத்து, இரண்டு நிமிடம் டொக்டரைக் கண்டு, குளிசையை வாங்கிக்கொண்டு திரும்புவேன். அந்த 14 வருடத்தில் ஒருவரும் என் காலைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. காலைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

விரல்களை எடுத்த பிறகு மருந்து கட்டிய இளம் டொக்டர் ஒருவர்தான், நான் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் என்று அறிந்து, எலியட் ஜொஸ்லின் என்ற பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். என்னைப் போல கிளினிக் வாங்கில் இருக்கும் ஆட்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஜொஸ்லின் 1869 யூன் 6ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒக்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரம் அல்ல, அதே பெயர் கொண்ட ஒரு கிராமம். அது வூஸ்டர் மாவட்டத்தில் இருக்கிறது. நம்மவர்களுக்கு அந்த மாவட்டம் முற்றாக அந்நியமில்லை. மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் பிறந்ததும் இறந்ததும் அங்கேதான். கிறீன் 1884இல் இறந்தபோது ஜொஸ்லினுக்கு வயது 14. இருவரும் சந்தித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நோயாளியின் மொழியில் வைத்தியத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த இரண்டு பேர் ஒரே மண்ணிலிருந்து வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

தகப்பனாருக்குச் சப்பாத்துத் தொழிற்சாலை இருந்தது. வசதியான குடும்பம். பையன் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் 1895இல் பட்டம் பெற்றார். சப்பாத்துச் செய்கிறவரின் மகன் பிற்காலத்தில் நோயாளிகளின் பாதங்களைப் பற்றி ஓயாமல் பேசியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, எனக்கு அப்படி நினைக்க ஆசை.

1893இல், இன்னும் மாணவனாக இருந்தபோது, மேரி ஹிக்கின்ஸ் என்ற இளம் ஐரிஷ் பெண்ணை அவர் ஆஸ்பத்திரியில் கண்டார். அவளுக்குச் சீனி வருத்தம். அந்தக் காலத்தில் இள வயதில் இந்த நோய் வந்தால் மரணம் நிச்சயம். செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. ஜொஸ்லின் செய்தது ஒன்றுதான். அவளுடைய விபரங்களை ஒழுங்காக எழுதி வைத்தார். அவர் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்த பேரேட்டின் முதலாவது பதிவு அவள்தான். 1898இல் பொஸ்டனில் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கொஞ்சக் காலத்தில் அவருடைய சொந்தத் தாய்க்கும் அதே நோய் கண்டது. அந்தப் பேரேட்டில் எட்டாவது நோயாளி அவருடைய அம்மா.

இந்தப் பேரேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் வயது, நோய் தொடங்கிய காலம், நிறை, சிறுநீரில் சீனி என்று எழுதியதோடு அவர் நிறுத்தவில்லை. அந்த ஆள் பிறகு எப்படி இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா, இறந்தால் எதனால் இறந்தார் என்று ஆண்டுக்கணக்காகத் தேடி எழுதினார். ஒரு டொக்டர் தன்னுடைய நோயாளிகள் எத்தனை வருடம் வாழ்ந்தார்கள் என்று தானே கணக்கெடுப்பது சின்ன விஷயம் அல்ல. தான் கொடுத்த வைத்தியம் சரியா பிழையா என்பதும் அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். பின்னாளில் மெட்ரோபொலிட்டன் என்ற பெரிய ஆயுள் காப்புறுதிக் கம்பனியின் புள்ளிவிபரக்காரர்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு அந்தக் கணக்கை ஆராய்ந்தார். 1916இல் வந்த அவருடைய முதல் பெரிய நூல் 1000 நோயாளிகளின் விபரங்களை வைத்து எழுதப்பட்டது.

எனக்கு இதை வாசிக்கும்போது அம்மாவின் கிளினிக் கொப்பிதான் ஞாபகம் வந்தது. அவவுக்கு என்னைவிடப் பழைய வருத்தம், இன்சுலின் போட்டவ. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிப் பையில் வைத்திருந்தவ. இன்சுலினை மண்பானையில் ஈர மணலுக்குள் வைத்துக் கொண்டுபோனோம். 2009இல் எந்தப் பதுங்குகுழியில் பை விடுபட்டதென்று தெரியாது. முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா எத்தனை அலகு போட்டவ, எப்போது கூட்டினார்கள், சிறுநீரகம் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு கடதாசி இல்லை. 20 வருடத்துச் சரித்திரத்தைப் பூச்சியத்தில் இருந்து தொடங்கினார்கள். அங்கே வேலை செய்தவர்களையும் குறை சொல்ல முடியாது, வரிசை அவ்வளவு நீளம். அம்மா அடுத்த வருடம் போய்விட்டா.

ஜொஸ்லினின் கதைக்குத் திரும்புகிறேன். இன்சுலின் வருவதற்கு முன் இருந்த வைத்தியம் கொடுமையானது. பிரெடெரிக் அலன் என்ற டொக்டர் 1914 அளவில் பட்டினி வைத்தியத்தைக் கொண்டுவந்தார். சிறுநீரில் சீனி மறையும்வரை பட்டினி, பிறகு அளந்து அளந்து கொஞ்சச் சாப்பாடு. ஜொஸ்லினும் அதையே செய்தார். அதனால் நோயாளிகள் சில மாதங்கள், சில வருடங்கள் கூட வாழ்ந்தார்கள், ஆனால் எலும்பும் தோலுமாக. கஞ்சி வரிசையில் நின்ற நமக்கு அந்தப் படங்களைப் பார்க்கச் சகிக்காது. அதைச் செய்வித்தவர் கல்நெஞ்சரா என்று நான் யோசித்ததுண்டு. சாவைத் தள்ளிப்போட்டால் அதற்குள் ஏதாவது ஒரு மருந்து வரும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர்கள் அதைச் செய்தார்கள்.

மருந்து வந்தது. 1921இல் ரொறன்ரோவில் பாண்டிங்கும் பெஸ்டும் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள், கொலிப் அதைச் சுத்திகரித்தார். 1922 ஓகஸ்ட் 7ஆம் திகதி ஜொஸ்லினின் நோயாளியான எலிசபெத் மட்ஜ் என்ற தாதிக்கு, அவருடைய உதவி வைத்தியர் ஹவார்ட் றூட் முதல் ஊசியைப் போட்டார். பட்டினி வைத்தியத்தால் உயிரைப் பிடித்துக்கொண்டு, வீட்டை விட்டு வெளியே வரவே முடியாமல் மெலிந்திருந்த அந்தப் பெண் சில வாரங்களில் வீதியில் நடந்து திரிந்தார். அதற்குப் பிறகு 20 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

மற்றவர்கள் நோய் தீர்ந்தது என்று கொண்டாடியபோது ஜொஸ்லின் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இன்சுலின் போட்டவர் சாகாமல் இருப்பார், ஆனால் நோயோடுதான் இருப்பார், 30 வருடம், 40 வருடம். அந்த வருடங்களில் ஆஸ்பத்திரியில் கழிவது சில நாட்கள்தான். மிச்ச நாளெல்லாம் நோயாளியேதான் தனக்கு டொக்டர். ஆகவே அவருக்குப் படிப்பிக்க வேண்டும். 1918இலேயே நோயாளிகள் வாசிப்பதற்கென்று ஒரு கைநூலை எழுதியிருந்தார். இப்போது பொஸ்டனின் டீக்கனஸ் ஆஸ்பத்திரியில் வகுப்பறை போலவே நடத்தினார். சாப்பாட்டைத் தராசில் நிறுக்க, ஊசி போட, சிறுநீரைச் சோதிக்க எல்லோரும் பழக வேண்டும்.

அந்தச் சோதனை வேறொன்றும் அல்ல, நான் 30 வருடம் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய பெனடிக்ற் சோதனைதான். நீலக் கரைசலில் சில துளி விட்டுச் சூடாக்கினால் சீனி இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். கூடக் கூடப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். எத்தனை பிள்ளைகளுக்கு அதைக் காட்டியிருப்பேன். என்னுடைய சிறுநீர் என்ன நிறம் காட்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

படிப்பிக்கும் வேலையை அவர் டொக்டர்களிடம் விடவில்லை. அதற்கென்று தாதியரைப் பழக்கினார். அவர்கள் வீடுகளுக்கே போய், குசினியில் நின்று, அந்த வீட்டுச் சாப்பாட்டை வைத்தே சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கோடைகால முகாம்கள் நடந்தன. ஊசி போடும் பிள்ளை தன்னைப்போல இன்னும் 50 பிள்ளைகளை அங்கே கண்டது. பிரிசில்லா வைட் என்ற பெண் டொக்டர் 1924இல் சேர்ந்து, சீனி வருத்தமுள்ள கர்ப்பிணிகளின் வைத்தியத்தைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். முன்பு தாயும் பிள்ளையும் தப்புவதே அரிது. அவருடைய காலத்தில் அது தலைகீழாக மாறியது.

பாதங்களுக்கு வருகிறேன். மயங்கிச் சாவது குறைந்ததும் பேரேட்டில் வேறொரு சாவு மேலே வந்தது. கால் அழுகல். 1934இல் அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய வாதம் நேரானது: இது விதியால் வருவதல்ல, கவனிக்காததால் வருவது, ஆகவே தடுக்கலாம். சத்திரசிகிச்சை நிபுணர் லீலண்ட் மக்கிற்றிக், பாதம் பராமரிப்பவர், தாதி, உணவு சொல்லிக் கொடுப்பவர் எல்லோரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கும் முறை அங்கே வளர்ந்தது. நோயாளிக்குச் சொன்னவை எளிய விஷயங்கள்தான். ஒவ்வொரு நாளும் காலைக் கழுவு, விரல் இடுக்கைத் துடை, வெறுங்காலோடு நடவாதே, புதுச் சப்பாத்தை நாள் முழுக்கப் போடாதே, சின்னப் புண் என்றாலும் உடனே வா.

எனக்கு 2016இல் விரல் போனது. அந்தக் கட்டுரைக்கும் அதற்கும் இடையில் 82 வருடம். காசு தேவைப்படாத, இயந்திரம் தேவைப்படாத ஒரு அறிவு பொஸ்டனில் இருந்து எங்கள் கிளினிக் வாங்குக்கு வர இவ்வளவு காலம் போதவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. கடுமையான மனிதர். சொன்னபடி செய்யாத நோயாளியைக் குற்றவாளிபோலப் பார்த்தார் என்ற குறை உண்டு. தராசு வைத்து நிறுத்துச் சாப்பிட வசதியும் நேரமும் வேண்டும். நிவாரண மாவையும் சீனியையும் தவிர வேறொன்றும் கிடைக்காதவனுக்கு அந்தப் பாடம் சொல்ல அவரிடம் என்ன இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். இரத்தத்தில் சீனியை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறோமோ அவ்வளவுக்குக் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று அவர் அடித்துச் சொன்னபோது, அவர் காலத்து டொக்டர்கள் பலர் ஏற்கவில்லை, நோயாளியை வீணாக வதைக்கிறார் என்றார்கள். அந்த வழக்குத் தீர்ந்தது 1993இல், 1441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வின் முடிவு வந்தபோது. கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் பொறுத்தவரை அவர் சொன்னதுதான் சரி. அப்போது அவர் இறந்து 31 வருடம்.

ஊர்க்காரர்களை அவர் மறக்கவில்லை. 1921இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கிராமத்துத் தெருவில் பக்கம் பக்கமாக இருந்த மூன்று வீடுகளைப் பற்றிச் சொல்கிறார். அங்கே வாழ்ந்த ஏழு குடும்பத் தலைவர்களில் ஆறு பேர் இந்த நோயால் செத்தார்கள். அது தொற்றுநோயாக இருந்திருந்தால் சுகாதாரத் திணைக்களம் ஓடி வந்திருக்கும், இது மெதுவாகக் கொல்வதால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவருடைய ஆதங்கம். அது அவருடைய சொந்த ஒக்ஸ்போர்ட். 1946, 47இல் அதே ஊரில் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை 3516 பேரைச் சோதித்தது. 70 பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் 30 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

நோயோடு நீண்டகாலம் வாழ்ந்து காட்டியவர்களுக்கு அவர் பதக்கம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கொடுப்பதாக இருந்தால், மணலில் இன்சுலின் புதைத்துக் காப்பாற்றிய ஆட்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

ஜொஸ்லின் 1962 ஜனவரி 28ஆம் திகதி, 92 வயதில் இறந்தார். முதுமையிலும் நோயாளிகளைப் பார்ப்பதை அவர் விடவில்லை. மேரி ஹிக்கின்ஸில் தொடங்கிய பேரேடு அதற்குள் பல்லாயிரம் பேராகப் பெருகியிருந்தது.

எனக்கும் ஒரு கொப்பி இருக்கிறது. 80 பக்க ஒற்றை றூள் கொப்பி, கிளினிக் கொப்பிக்கு வேறாக நானே எழுதுவது. அதன் பிரதி ஒன்று கொழும்பில் மகளிடம் இருக்கிறது. இரவில் பேரன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் பிடிப்பான், நான் உள்ளங்காலைப் பார்ப்பேன். அடுத்த கிளினிக் வாற செவ்வாய்க்கிழமை. கதிரையில் இருக்க முதல் செருப்பைக் கழற்றி விடுவேன், டொக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.