லூசி வில்ஸ்

லூசி வில்ஸ் (மே 10, 1888 – ஏப்ரல் 16, 1964) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் குருதியியல் அறிஞரும் ஆவார். கருவுற்ற பெண்களுக்கு ஏற்படும் ஒருவகைக் கடுமையான இரத்தச்சோகையை ஈஸ்ட் சாற்றினால் குணப்படுத்தலாம் என்பதை இந்தியாவில் நடத்திய ஆய்வுகளின் வழியே இவர் கண்டறிந்தார். அச்சாற்றில் அடங்கியிருந்த, அன்று இனங்காணப்படாத பொருள் வில்ஸ் காரணி என்று அழைக்கப்பட்டது. பின்னாளில் அது ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இவரது ஆய்வுப்பணி பம்பாய், குன்னூர், சென்னை ஆகிய இடங்களில் நடைபெற்றது.

இளமையும் கல்வியும்

வில்ஸ் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911 இல் தேர்வுகளை முடித்தார். ஆயினும் அப்பல்கலைக்கழகம் அக்காலத்தில் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. முதல் உலகப் போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் செவிலியப் பணியில் ஈடுபட்ட இவர், நாடு திரும்பி 1915 இல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920 இல் மருத்துவரானார். எனினும் நோயாளிகளைப் பார்க்கும் தொழிலை விட ஆய்வுக்கூடமே இவரை ஈர்த்தது.

இந்தியாவில் ஆய்வு

1928 இல் வில்ஸ் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார். அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் பலர் இரத்தச்சோகையால் இறந்துகொண்டிருந்தனர். அவர்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் வழக்கத்தை விடப் பெரிதாகவும் இருந்தன. தொற்றுநோயே காரணமாக இருக்கலாம் என்று முதலில் ஆராயப்பட்டது; அதற்குச் சான்று கிடைக்கவில்லை. நோயுற்றோரின் உணவை ஆராய்ந்தபோது வறியவர்களிடையே இந்நோய் மிகுந்திருப்பது தெரிந்தது. குறைபாடு உணவில் இருக்க வேண்டும் என்று வில்ஸ் கருதினார்.

பெண்கள் உண்ட உணவையொத்த உணவு எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. எலிகளுக்கும் சோகை உண்டாயிற்று. ஈஸ்ட் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. ஆனால் எலிகளின் பேன்கள் வழியாகப் பரவிய பார்ட்டொனெல்லா என்னும் நுண்ணுயிர்த் தொற்றும் சோகையை உண்டாக்க வல்லது என்று தெரியவந்ததால் இம்முடிவுகள் ஐயத்துக்கு உள்ளாயின. எனவே குரங்குகளைக் கொண்டு சோதனைகள் மீண்டும் செய்யப்பட்டன. அவற்றுள் மிகவும் நலிந்திருந்த ஒன்றுக்கு மார்மைட் கொடுக்கப்பட்டது. குரங்கு விரைவில் தேறியது.

மார்மைட் என்பது மது வடிப்பாலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மலிவான உணவுப்பொருள். உப்புச் சேர்த்துச் சூடாக்கும்போது ஈஸ்ட்டின் சொந்த நொதிகளே அதன் உயிரணுக்களைச் சிதைத்து உட்பொருள்களை வெளிவிடுகின்றன. ஈஸ்ட் ஃபோலிக் அமிலச் சேர்மங்களைத் தானே உருவாக்கிக்கொள்ளும் திறனுடையது. மனித உடலுக்கு அத்திறன் இல்லை. உணவிலிருந்தே பெற வேண்டும். டி.என்.ஏ. உருவாவதற்கு இச்சேர்மங்கள் தேவை. இவை குறைந்தால், வேகமாகப் பிரிய வேண்டிய எலும்பு மச்சை உயிரணுக்கள் பிரியாமல் பெருத்துவிடுகின்றன. கருவுற்ற காலத்தில் இத்தேவை பெருகுகிறது. இவ்விளக்கம் எதுவும் வில்ஸ் பணியாற்றிய காலத்தில் அறியப்பட்டிருக்கவில்லை.

1929 இல் இவர் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்துக்குச் சென்றார். ஊட்டச்சத்து ஆய்வில் பெயர் பெற்ற ராபர்ட் மெக்காரிசன் அப்போது அங்குப் பணியாற்றிவந்தார். 1931 இன் தொடக்கத்தில் சென்னையின் கோஷா மருத்துவமனையில் ஆய்வைத் தொடர்ந்தார். ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்களுக்காக மேரி ஷார்லீப் 1885 இல் நிறுவிய இம்மருத்துவமனை, பின்னர் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. இத்தகைய மருத்துவமனை இன்றி இவ்வாய்வுக்குரிய நோயாளிகளை அணுகுவதே அரிதாக இருந்திருக்கும்.

ஈஸ்ட் சாறு பற்றிய இவரது கட்டுரை 1931 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. கொடிய சோகை எனப்படும் வேறொரு நோய்க்குப் பயன்பட்ட தூய்மையாக்கிய கல்லீரல் சாறு இந்நோயைத் தீர்க்கவில்லை. தூய்மையாக்காத கல்லீரல் சாறும் ஈஸ்ட்டும் தீர்த்தன. ஆகவே இங்குச் செயற்படுவது வேறொரு பொருள் என்று வில்ஸ் பின்னர் காட்டினார். கல்லீரல் சாற்றிலிருந்த பொருள், அதாவது உயிர்ச்சத்து பி12, 1948 இல் தனித்தெடுக்கப்பட்டபோது இம்முடிவு சரியென உறுதியாயிற்று.

ஃபோலிக் அமிலம்

1941 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக்கீரையிலிருந்து செறிவாக்கிய ஒரு பொருளுக்கு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாபிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழு 1945 இல் அதனைச் செயற்கையாக உருவாக்கியது. பொருள் கையில் கிடைக்கும் முன்பே மருந்து நோயாளிகளைச் சென்றடைந்திருந்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை.

பிற்காலம்

வில்ஸ் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாற்றி 1947 இல் ஓய்வு பெற்றார். அதன் பின்னரும் ஜமைக்கா, ஃபிஜி முதலிய நாடுகளில் ஊட்டச்சத்து ஆய்வுகளில் பங்கேற்றார். தொழிற்கட்சியின் சார்பில் செல்சி நகரமன்ற உறுப்பினராகவும் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொள்வது குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்கும் என்பது, இவர் இறந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1991 இல் வெளியான ஆய்வால் உறுதிசெய்யப்பட்டது.