பலெர்மோவின் கணக்காளர்: ரொசாரியோ கரிபால்டி பொஸ்கோ

பலெர்மோவில் வாழும் தமிழர்களான எமக்குச் சாந்தா ரொசாலியாவை நன்கு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி அவரிடம் நேர்த்தி வைக்கிறோம். ஆனால் இதே நகரின் தொழிலாளர்களை ஓர் அமைப்பாகத் திரட்டிச் சிறைசென்ற ரொசாரியோ கரிபால்டி பொஸ்கோவின் பெயர் எம்மில் பலருக்குத் தெரியாது. அவர் ஒரு கணக்காளர். வர்த்தகம் படித்துக் கணக்கெழுதிப் பிழைத்த எம்போன்றோருக்கு அவரைத் தேடிப் படிக்க அந்த ஒரு காரணமே போதுமாயிருந்தது.

பொஸ்கோ 1866 யூலை 28 இல் பலெர்மோவில் பிறந்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1860 இல், கரிபால்டி தனது தொண்டர் படையுடன் வந்து சிசிலியை விடுவித்திருந்தார். இத்தாலி ஒன்றுபட்டது. ஆனால் ஏழைகளுக்குக் காணி கிடைக்கவில்லை. நிலப்பிரபுக்களிடம் பெருநிலங்களைக் குத்தகைக்கு எடுத்த இடைத்தரகர்கள், அவற்றைத் துண்டு துண்டாக்கி விவசாயிகளிடம் கொடுத்தார்கள். பெயருக்கு அது பாதிப் பங்கு வாரம். அறுவடை முடிந்ததும் கடனாகக் கொடுத்த விதை வட்டியுடன் கழிக்கப்படும், காவல்காரருக்கான பங்கும் கழிக்கப்படும். உழைத்தவன் கையில் எஞ்சுவது மிகச் சொற்பம். கந்தக உற்பத்திப் பகுதிகளிலோ சிறுவர்கள் சுரங்கங்களிலிருந்து கல் சுமந்தார்கள்.

1891 இல் கத்தானியா நகரில் தெ ஃபெலீச்சே தொழிலாளர்களின் ‘ஃபாஷோ’ ஒன்றைத் தொடங்கினார். ஃபாஷோ என்றால் கட்டு. தனிச் சுள்ளியை முறிக்கலாம், விறகுக்கட்டை முறிக்க முடியாது என்று எங்கள் பாட்டிமார் சொல்லும் கதைதான் அந்தப் பெயரின் பொருளும். பிற்காலத்தில் முசோலினியின் பாசிசம் அதே சொல்லை எடுத்துக்கொண்டது. இந்த இயக்கத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

1892 யூன் 29 இல் பலெர்மோவின் ஃபாஷோவைப் பொஸ்கோ நிறுவினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. பியானா தெய் கிரேச்சியில் மருத்துவர் பர்பாத்தோ, கொர்லெயோனேயில் பெர்னார்தீனோ வெர்ரோ என்று கிராமங்களிலும் தலைவர்கள் எழுந்தார்கள். பெண்களும் அணிதிரண்டார்கள். இயக்கத்தின் உச்சத்தில் உறுப்பினர் தொகை மூன்று இலட்சம் வரை இருந்ததாக மதிப்பிடப்படுகிறது.

1893 சனவரியில் கல்தவுத்தூரோவில் பொதுக்காணியில் மண்வெட்டியுடன் இறங்கிய விவசாயிகள்மீது படையினர் சுட்டார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு மே மாதம் பலெர்மோவில் ஃபாஷோக்களின் மாநாடு கூடியது. யூலை இறுதியில் கொர்லெயோனேயில் கூடியவர்கள், வாரம் எப்படிப் பங்கிடப்பட வேண்டும் என்பதை மாதிரி ஒப்பந்தமாக எழுதினார்கள். வாய்ப்பேச்சில் நடந்துவந்த கணக்கு அன்று எழுத்துக்கு வந்தது. அதை ஏற்காத நிலங்களில் விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே 1893 இல்தான் கொழும்பில் கேவ் நிறுவனத்தின் அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றைத் தொடங்கிவைத்தார்கள் என்பதும் நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

அரசு பொறுக்கவில்லை. அப்போதைய பிரதமர் கிறிஸ்பி ஒரு சிசிலியர். 1860 இல் கரிபால்டியுடன் வந்த புரட்சிக்காரரும்கூட. அவரே 1894 சனவரி 3 இல் சிசிலி முழுவதற்கும் முற்றுகை நிலையை அறிவித்தார். படை இறங்கியது, அமைப்புகள் கலைக்கப்பட்டன, இராணுவ நீதிமன்றங்கள் அமைந்தன. அவசரகாலச் சட்டத்தின்கீழ் வளர்ந்த எமக்கு இந்த வரிசை புதிதல்ல. மே மாத இறுதியில் தீர்ப்பு வந்தது. தெ ஃபெலீச்சேக்குப் பதினெட்டு ஆண்டுகள். பொஸ்கோ, பர்பாத்தோ, வெர்ரோ மூவருக்கும் தலா பன்னிரண்டு ஆண்டுகள்.

1896 மார்ச்சில் எத்தியோப்பியாவின் அத்வாவில் இத்தாலியப் படை தோற்க, கிறிஸ்பி பதவியிழந்தார். அதே மாதம் வந்த பொது மன்னிப்பில் தலைவர்கள் விடுதலையானார்கள். அதற்குப் பின்னரும் சிசிலியர் இலட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். இன்று எம்மை அந்நியராகப் பார்ப்போரின் பூட்டன்மாரும் பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போனவர்கள்தான். பொஸ்கோ பழைய வேலையை விடவில்லை. 1901 இல் பலெர்மோவில் ‘காமெரா தெல் லவோரோ’ எனும் தொழிலாளர் மன்றம் உருவானபோது அதன் முன்னணியில் நின்றார். 1936 டிசம்பரில், பாசிச ஆட்சி நடந்துகொண்டிருக்கையில், தொரீனோவில் காலமானார்.

எம்மில் பலர் இங்கே வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருக்கிறோம். ஒப்பந்தத்தில் எழுதப்படும் மணித்தியாலம் ஒன்று, உண்மையில் உழைக்கும் மணித்தியாலம் வேறொன்று என்பது எம்மிடையே பழகிப்போன விடயம். கையில் காசு வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எழுதப்படாத மணித்தியாலத்துக்குச் சமூகக் காப்புறுதிப் பங்களிப்பு இல்லை. அந்த இழப்பு ஓய்வூதியத்தில் தெரியும். வதிவிட அனுமதி புதுப்பிக்கும்போது காட்டவேண்டிய வருமானத்திலும் தெரியும். பங்களிப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டப்படுகிறது. கட்டப்பட்டதா, எத்தனை மணித்தியாலத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள். தொழிற்சங்க உதவி நிலையங்களில் அதைப் பார்த்துச் சொல்வார்கள்.

அங்கே கேட்பதற்கு நாம் கூச்சப்படத் தேவையில்லை. உழைப்பின் கணக்கு எழுத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக இந்தத் தீவில் ஆட்கள் சுடப்பட்டார்கள். இந்த நகரத்துக் கணக்காளர் ஒருவர் அந்த இயக்கத்துக்காகச் சிறையில் இருந்தார்.