சூரியன் எதனால் ஆனது? 25 வயதில் விடை கண்ட பெண்... அதை அவரே 'தவறு' என எழுதியது ஏன்? யார் இந்த சிசிலியா பெய்ன்?

சூரியனில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பள்ளி மாணவர்களே ஹைட்ரஜன், ஹீலியம் என்று பட்டென சொல்லிவிடுவார்கள். ஆனா, 100 வருஷத்துக்கு முன்னாடி பெரிய பெரிய விஞ்ஞானிகளே பூமியில் இருக்கும் அதே இரும்பும் மற்ற உலோகங்களும்தான் ஏறக்குறைய அதே அளவில் சூரியனிலும் இருப்பதாக நம்பினார்கள். அது தப்பு என்று கணக்கு போட்டுக் காட்டியவர் சிசிலியா பெய்ன்.

யார் இவர்?

1900 மே 10-ம் தேதி இங்கிலாந்தின் வெண்டோவர் ஊரில் பிறந்தார். 4 வயதில் தந்தையை இழந்தார். மூன்று குழந்தைகளையும் தாய் தனியாளாக வளர்த்தார். உதவித்தொகை கிடைத்ததால் 1919-ல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார்.

முதலில் படிக்கப் போனது தாவரவியல். ஆனால், சூரிய கிரகணத்தை வைத்து ஐன்ஸ்டீனின் கொள்கையை சோதித்துப் பார்த்த எடிங்டனின் உரையைக் கேட்ட பிறகு, இனி இயற்பியலும் வானியலும்தான் என்று முடிவெடுத்தார்.

படிப்பை முடித்தார், பட்டம் கிடைக்கவில்லை. காரணம், பெண்களுக்கு கேம்பிரிட்ஜ் பட்டம் தர ஆரம்பித்ததே 1948-ல்தான்! இங்கிலாந்தில் இருந்தால் ஆசிரியர் வேலைக்கு மேல் வழியில்லை என்று புரிந்ததும், 1923-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானியல் ஆய்வகத்துக்குக் கிளம்பினார்.

கறுப்புக் கோடுகள் சொன்ன ரகசியம்

நட்சத்திர ஒளியை வானவில் போலப் பிரித்தால், நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள், நம்ம கைரேகை மாதிரி. சூரிய ஒளியில் இரும்பு, கால்சியம் கோடுகள் ஏராளம். அதனால், அங்கே உலோகங்கள்தான் அதிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இங்கேதான் ஒரு இந்தியரின் கண்டுபிடிப்பு கைகொடுத்தது. வெப்பம் ஏற ஏற அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும், அதற்கேற்ப கோடுகளும் மாறும் என்பதற்கு 1920-ல் சமன்பாடு தந்தவர் இயற்பியலாளர் மேக்நாத் சாஹா.

அப்போ ஒரு கோடு அழுத்தமாக இருப்பதால் மட்டும் அந்தப் பொருள் அதிகம் என்று சொல்ல முடியாது. வெப்பநிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹார்வர்டில் இருந்த கண்ணாடித் தகடு புகைப்படங்களை வைத்து சிசிலியா அதைத்தான் செய்தார். வந்த விடை: நட்சத்திரங்களில் உலோகங்களைவிட ஹைட்ரஜன் சுமார் 10 லட்சம் மடங்கு அதிகம்!

தன் விடையையே மறுத்தது ஏன்?

ஆய்வேட்டின் வரைவு, அன்றைய அமெரிக்க வானியலின் பெரும்புள்ளி ஹென்றி நோரிஸ் ரஸ்ஸலிடம் போனது. இதற்கு வாய்ப்பே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். சிசிலியாவோ வேலை தேட வேண்டிய இளம் ஆய்வாளர். ரஸ்ஸலை எதிர்த்து நிற்பது லேசான காரியம் இல்லை. ஆகவே, 1925-ல் வெளியான ஆய்வேட்டில் எண்களை அப்படியே கொடுத்துவிட்டு, இந்த முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று அவரே எழுதிவிட்டார்.

நான்கே வருடம்தான். 1929-ல் ரஸ்ஸலே வேறு வழியில் கணக்கிட்டு அதே விடைக்கு வந்து சேர்ந்தார். தன் கட்டுரையில் சிசிலியாவின் ஆய்வைக் குறிப்பிடவும் செய்தார். இருந்தாலும், நீண்ட காலம் பெரும்பாலான பெயர் ரஸ்ஸலுக்கே போனது.

இதில் அப்படி என்ன முக்கியம்?

ஒரு நட்சத்திரத்தின் ஆயுளே ஹைட்ரஜன் கையிருப்பில்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறும்போது வரும் ஆற்றல்தான் நமக்குக் கிடைக்கும் வெயில். சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும், அது செந்நிற ராட்சத நட்சத்திரமாக வீங்கி, கடைசியில் சிறிய வெண்குறு விண்மீனாகச் சுருங்கும். சூரியனைவிட சுமார் 8 மடங்குக்கு மேல் நிறை கொண்டவை பெரும்பாலும் சூப்பர்நோவாவாக வெடிக்கும். நட்சத்திரத்தில் நிறைந்திருப்பது எது என்று தெரியாமல் இந்தக் கதையைத் தொடங்கவே முடியாது.

31 ஆண்டுகள் கழித்து வந்த பதவி

ஹார்வர்டு அப்போது பெண்களுக்கு முனைவர் பட்டம் தரவில்லை. எனவே, அதன் துணைக் கல்லூரியான ராட்கிளிஃப்தான் சிசிலியாவுக்குப் பட்டம் கொடுத்தது. அங்கே வானியலில் முதல் முனைவர் இவர்தான். அவர் நடத்திய பாடங்கள் 1945 வரை ஹார்வர்டின் பாடப் பட்டியலில்கூட இல்லை.

1934-ல் வானியலாளர் செர்கெய் கபோஷ்கினைத் திருமணம் செய்தார். மூன்று குழந்தைகள். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை இருவரும் சேர்ந்தே ஆராய்ந்தார்கள். 1956-ல்தான் ஹார்வர்டில் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அங்கே ஒரு துறைக்குத் தலைவரான முதல் பெண்ணும் இவரே.

1979 டிசம்பர் 7-ல் சிசிலியா காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1976-ல், அமெரிக்க வானியல் சங்கம் தன் உயரிய கௌரவங்களில் ஒன்றை அவருக்கு வழங்கியது. அந்த கௌரவத்துக்கு யார் பெயர் தெரியுமா? ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல்!